படுவான் நேரமும் எழுவான் நேரமும்

1996ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி மட்டக்களப்பு எழுவான்கரையிலுள்ள குழந்தைகள் எல்லோரும் வழக்கத்திலும் ஒரு மணி நேரம் பிந்தித் துயிலெழுந்தனர். இந்த அற்புதத்தைச் செய்தது தாலாட்டுமன்று, மருந்துமன்று, அரசாங்கத்தின் ஆணை. வரட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றி நாடு இருளில் தவித்த காலம் அது. மாலை வெளிச்சத்தைச் சற்று நீட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நோக்கத்தோடு நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. முதல் நாள் ஐந்தரைக்குக் கண்விழித்த குழந்தை மறுநாள் ஆறரைக்குக் கண்விழித்தது. தாய்மாருக்கு அதனால் ஒரு நிமிட உறக்கமேனும் கூடியதோ என்றால், இல்லை. மாறியது சுவரிலிருந்த முள், குழந்தை மாறவில்லை.

வாவிக்கு அப்பால் நிலை வேறு. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் வழங்கினர். படுவான்கரையிற் பெரும்பகுதி அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் ஆளுகையில் இருந்தது. அவர்கள் இந்த நேரமாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே ஒரே வாவியின் இரு கரைகளிலும் இரு வேறு நேரங்கள் வழங்கின. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி நேரம் பின்னே வைக்கப்பட்ட பின்னரும் மற்றை அரை மணி வேறுபாடு நின்றது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான், நாடு முழுவதும் பழைய நேரத்துக்கு மீண்டது. நாம் அப்போது பள்ளி மாணவராக இருந்து, பின் பட்டதாரியாகிய காலம். எம்மூரார் 'பாதை' என்று வழங்கும் மிதவையில் வாவியைக் கடந்து வருவோரிடம் எது கேட்டாலும், "பழைய நேரமா, புதிய நேரமா?" என்ற எதிர்க்கேள்விதான் முதலில் வரும்.

இப்பழங்கதையை இன்று நினைவுபடுத்தியவர் எம்முடன் கற்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை. சில மாதங்களுக்கு முன் அவர் ஆசிரியர் அறையில், திருத்த வேண்டிய பயிற்சிக் கொப்பிகளின் மேலேயே தலை சாய்த்து உறங்கிவிட்டார். மணியடித்ததும் திடுக்கிட்டு எழுந்து, வகுப்பை மறந்து எதிர்ப்பக்கமாக நடந்தார். அன்று மாலை வினாவியபோதுதான் செய்தி வெளிப்பட்டது. அவருடைய ஒன்றே முக்கால் வயதுப் பெண்குழந்தை நாள்தோறும் அதிகாலை 4.15க்கு எழுந்துவிடுகிறது. அதன்பின் எந்த உபாயத்துக்கும் அது கண்ணயர்வதில்லை. ஔவையார் ஆத்திசூடியில் அதிகாலைத் துயிலெழுச்சியை வற்புறுத்தினார்; அதை ஓர் எழுத்தும் படியாமலே அதன்படி ஒழுகுகிறது குழந்தை என்று நாம் நகையாடினோம். அவர் சிரிக்கவில்லை. "சேர், நேற்று ஸ்கூட்டரில் வரும்போது ஒரு கணம் கண்மூடிவிட்டேன்" என்றார். எமது சிரிப்பும் அடங்கிற்று.

ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னர் அவர் இதே குறையைச் சொன்னபோது, "இரவு பத்து மணிவரை விளையாட விடுங்கள்; களைத்துப்போய்க் காலையில் நெடுநேரம் உறங்கும்" என்று ஆலோசனை கூறியவர் நாமே. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாலோசனை, தளர்நடைப் பருவத்துக் குழந்தைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் தவறு. எம்மூர்த் தாய்மாருக்கு இதற்கான சான்று ஆண்டுதோறும் கண்முன்னே கிடைக்கிறது. வைகாசி மாதத்தில் கண்ணகியம்மன் சடங்குக்குக் குழந்தையை நள்ளிரவு வரை கோயில் வீதியில் வைத்திருந்து தோளில் போட்டுக்கொண்டு வருகிறோம். மறுநாள் அது பத்து மணிவரையா உறங்குகிறது? வழக்கமான வேளையிலேயே எழுந்து, பகல் முழுவதும் சிணுங்குகிறது. படுத்த வேளை மாறியது. எழும் வேளை மாறவில்லை.

இதன் காரணத்தை அறிஞர் விளக்கியுள்ளனர். உறக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன என்று சூரிச் நகரத்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் எடுத்துரைத்தார். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட உடலில் ஏறும் உறக்கச்சுமை; உறங்க உறங்க அது கரையும். மற்றது, உடலுக்குள் இருக்கும் கடிகாரம். அது ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றி வருவது. அக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் றொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்த உள்கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைக்கும் கை ஒன்று உண்டு, அது வெளிச்சம். இருள் சூழ்ந்ததும் மூளையிலிருந்து மெலற்றோனின் என்னும் சுரப்பு பெருகி, உறங்கும் வேளை வந்ததென உடலுக்கு அறிவிக்கிறது. வெளிச்சம் கண்ணிற் பட்டதும் அது ஒடுங்குகிறது. சிறு குழந்தைகளிடத்தில் இவ்விளைவு பெரியோரினும் மிகுதி.

நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்து, விடிவதற்கு முந்திய பொழுதை வைகறை என்றனர். இவ்வைகறையிலே குழந்தையின் உறக்கச்சுமையிற் பெரும்பகுதி கரைந்திருக்கும். உறக்கம் மெல்லிய நூலாக இருக்கும். நள்ளிரவில் இடி இடித்தாலும் அசையாத பிள்ளை, அந்நேரத்தில் கதவு கிரீச்சிட்டாலே எழுந்துவிடும். அந்நூல் அறாமற் காப்பதே நமது வேலை.

இனி, முதலிற் செய்ய வேண்டியது ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒன்று முதல் இரண்டு வயதுவரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரம். இரவு ஏழரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் குழந்தை, நண்பகலில் இரண்டு மணி நேரம் உறங்கினால் அதன் கணக்கு பன்னிரண்டாகிறது. அக்குழந்தைக்குக் குறை ஒன்றுமில்லை; குறை தாய்க்கு. அவ்வீட்டில் முன்னேரத்தோடு படுக்க வேண்டியவர் தாய்தான்.

எமது ஆசிரியையின் வீட்டுக் கணக்கோ வேறு. இரவு பத்து முதல் 4.15 வரை ஆறே கால் மணி. குழந்தை ஏழு மணிக்குச் சோர்ந்து விழ, அம்மம்மா ஏணையிலிட்டு ஆட்ட, எட்டரை வரை ஒன்றரை மணி. மீண்டும் மாலை நான்கு முதல் ஆறு வரை இரண்டு மணி. கூட்டினால் ஒன்பதே முக்கால், பதினொன்றுக்கும் குறைவு. நோயின் வேரும் இக்கணக்கிலேயே தெரிந்தது. காலை ஏழு மணி உறக்கம் உண்மையில் இரவுறக்கத்தின் வால். அறுந்துபோய்ப் பகலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு ஏணை காத்திருக்கும்வரை குழந்தையின் உடல் நாலேகாலுக்கு எழுவதை நட்டமாகக் கருதப் போவதில்லை. மாலை ஆறுவரை உறங்கிய பிள்ளைக்கு எட்டு மணிக்கு உறக்கம் வருவதுமில்லை. ஒன்று மற்றொன்றைப் பிடித்துத் தள்ளும் செக்கு இது.

ஆகவே மாற்ற வேண்டியது காலையை அன்று. முந்திய பகலையும் மாலையையும். காலை உறக்கத்தை மூன்று நான்கு நாளைக்கொருமுறை பதினைந்து நிமிடமாகப் பின்தள்ளி, மதிய உணவுக்குப் பின் ஒரேயோர் உறக்கமாக ஆக்க வேண்டும். ஒன்றரை வயதளவில் பெரும்பாலான குழந்தைகள் இந்த ஒற்றையுறக்கத்துக்குத் தாமாகவே வந்துவிடுகின்றன. மூன்று மணிக்குள் அது முடிவது நன்று. இரவுப் படுக்கையையும் அதே அளவாகச் சிறிது சிறிதாக முன்னே கொணர்ந்து, ஏழரை எட்டு மணியளவில் நிறுத்த வேண்டும். ஒரே நாளில் இரண்டு மணி நேரத்தை இழுக்க முயல்வோர் தோல்வியே காண்பர். 1996இல் அரசாங்கம் கடிகாரத்தைத்தான் ஒரே நாளில் மாற்றியது. உடல்கள் பல நாள் எடுத்துக்கொண்டன.

அடுத்து, வைகறையைக் காக்கும் வகை. மட்டக்களப்பு ஏறத்தாழ கிழக்கு நெடுங்கோடு 81.7 பாகையில் உள்ளது. கொழும்பிலும் ஏழு நிமிடமளவு முன்பே இங்கு கதிரவன் எழுகிறான். வைகாசியின் பிற்பகுதியில் ஏறத்தாழ 5.45க்கும், தையின் பிற்பகுதியில் ஏறத்தாழ 6.20க்கும் ஞாயிறு எழும். அதற்கு இருபது நிமிடத்துக்கு முன்னரே வெளிச்சம் பரந்துவிடும். எழுவான்கரை வீடுகளிற் பலவற்றின் யன்னல்கள் கடற்காற்றை வேண்டிக் கிழக்கு நோக்கியே திறக்கின்றன. குழந்தை உறங்கும் அறை அவ்வாறானதாயின், தடித்த கருநிறத் துணியொன்றை யன்னலுக்கு இடுவது பெரும் பயன் தரும். காற்றோட்டத்தை அடைத்துவிடலாகாது. திரையின் கயிறு குழந்தையின் கைக்கு எட்டலாகாது. இருட்டுக்காக ஏணையின் மேலோ குழந்தையின் முகத்தின் மேலோ துணி போர்த்துவதை ஒருபோதும் செய்யற்க. எழுந்து உட்காரவும் பற்றி ஏறவும் பழகிய குழந்தைக்கு ஏணை பாதுகாப்புமன்று. நிலத்தில் விரித்த பன்பாயும் அதன்மேல் நுளம்பு வலையும் அதனினும் சிறந்தவை. டெங்கு பரப்பும் நுளம்பு விடியலிலும் மாலையிலும் மும்முரமாகக் கடிப்பது என்பதை நினைக்கும்போது வலையின் அருமை விளங்கும்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். கோயில் மணியையும் பள்ளிவாசற் பாங்கையும் பலர் குறை கூறுவர். நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே வகையாக எழும் ஓசைக்குக் குழந்தை பெரும்பாலும் பழகிவிடுகிறது. எம்மூர்ப் பிள்ளைகள் மார்கழித் திருவெம்பாவைக்காலச் சங்கொலியிலும் புரண்டு படுப்பதைக் காண்கிறோம். எழுப்புவது திடீரென்று எழும் ஓசை: சமையலறையில் விழும் மூடி, கைத்தொலைபேசியின் எழுப்பு மணி, இசை பாடிக்கொண்டு படலையில் வந்து நிற்கும் பாண் வண்டி. மின்விசிறியின் இடையறாத இரைச்சல் இவற்றைச் சற்று மழுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது புழுக்கத்தையும் தணிக்கும். வாடைக் காலத்திலோ அதிகாலைக் குளிரே குழந்தையை எழுப்பும். ஒரு மெல்லிய நீள்கைச் சட்டை போதும். இவை அற்பமாகத் தோன்றலாம். மெல்லிய நூலுக்கு அற்பமே பெரும்பாரம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது குழந்தை எழுந்தவுடன் நாம் என் செய்கிறோம் என்பது. ஆசிரியையின் வீட்டில், சிணுங்கல் கேட்டதும் மின்குமிழ் எரியும். "பிள்ளைக்குப் பசியாக்கும், மகள்" என்று அம்மம்மா பால்மாக் கரைப்பார். அதன்பின் கைத்தொலைபேசியிற் பாட்டும் படமும். வெளிச்சம், உணவு, களியாட்டம் ஆகிய மூன்றையும் நாலேகால் மணிக்குத் தவறாமல் வழங்கும் வீட்டில், எந்தக் குழந்தைதான் நாலேகாலுக்கு எழாது? அவ்வேளையே காலை என்று நாமே கற்பித்துவிடுகிறோம். மாறாக, விளக்கேற்றாமல், பேச்சைக் குறைத்து, முதுகைத் தட்டிப் படுக்கையிலேயே வைத்திருக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை மறுக்கும்படி நாம் சொல்லவில்லை. இருளிலே, படுத்தபடியே கொடுக்கலாம். அது உறங்காவிட்டாலும் பாதகமில்லை. ஆறு மணிக்கு முன் பொழுது விடியாது என்று அதற்குத் தெரிந்தாற் போதும். கடுமை இதற்குத் தேவையில்லை, ஒழுங்கே தேவை. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் வாரம் பயனற்றது போலவே தோன்றும்.

இவற்றை நாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். சில நாட் கழித்து ஆசிரியை அதைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "எல்லாம் சரி, சேர். அவர் வீட்டுக்கு வருவது ஏழேகாலுக்கு. ஏழரைக்குப் பிள்ளையைப் படுக்க வைத்தால் அவர் எப்போது பிள்ளையைப் பார்ப்பது?" என்றார். புத்தகங்கள் சொல்லாத இடம் இதுதான். அத்தந்தை பகலெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு வருபவர். 'அப்பா' என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் அந்த இரண்டு மணி நேரமே அவருடைய நாளின் பயன். குழந்தை பத்துமணி வரை விழித்திருந்ததற்கு எமது தவறான ஆலோசனை மட்டும் காரணமன்று. அவருடைய அன்பும் காரணம். அம்மம்மாவுக்கும் ஓர் இழப்பு உண்டு: ஏழரை மணித் தொலைக்காட்சித் தொடர் நாடகம். பெண் வீட்டிலேயே குடும்பம் அமையும் எம்மூர் வழக்கத்தில், குழந்தையின் உறக்கம் தாயொருத்தியின் கையில் இல்லை. வீட்டிலுள்ள மூவரும் ஆளுக்கொன்றை விட்டுக்கொடாமல் அது நடவாது.

அவர்கள் கண்ட வழியை எமது வழியிலும் சிறந்ததென்றே கருதுகிறோம். தந்தை மாலையை விட்டுக்கொடுத்து வைகறையை எடுத்துக்கொண்டார். குழந்தை எப்போது எழுந்தாலும் இருட்டறையில் அதனருகே படுத்திருப்பவர் அவர். ஆறு மணிக்குப் பின் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வாவிக்கரைக்கு நடப்பவரும் அவர். அம்மம்மா தொடர் நாடகத்தின் ஒலியை அடக்கிப் படத்தை மட்டும் பார்க்கிறாராம். கதை அதனால் கெடவில்லை என்கிறார். மூன்று வாரத்தின் பின் கணக்கு இது: இரவு எட்டு முதல் 5.40 வரை ஒன்பது மணி நாற்பது நிமிடம்; நண்பகலில் இரண்டு மணி; ஆக 11 மணி 40 நிமிடம். ஏழு மணிவரை உறங்கும் குழந்தை அவர்களுக்கு இன்னுமில்லை. ஒருவேளை ஒருபோதும் இராது. ஆயினும் தாய்க்கு ஐந்து மணிவரை அறாத உறக்கம் கிடைக்கிறது. பயிற்சிக் கொப்பிகள் இப்போது விழித்த கண்ணோடு திருத்தப்படுகின்றன.

இரண்டு எச்சரிக்கைகள். குழந்தை குறட்டை விட்டு இடையிடையே மூச்சுத் தடைப்படுவதாகத் தெரிந்தாலோ, இரவில் இருமலோ இழுப்போ இருந்தாலோ, குடற்புழுவால் அரிப்பெடுத்து எழுந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, மேற்கூறிய ஒழுங்கெல்லாம் வீண். வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்க. அடுத்தது, தடிமனுக்குக் கொடுக்கும் பாணி மருந்து தூக்கம் தரும் என்று கேள்விப்பட்டு அதை ஒரு கரண்டி ஊற்றுவோர் சிலர் உளர். அது உறக்கமன்று, மயக்கம். சிறு குழந்தையின் சுவாசத்துக்கே கேடு செய்யக்கூடியது. வைத்தியர் எழுதாத எதையும் உறக்கத்துக்கெனக் கொடாதீர்கள்.

வாவியின் இரு கரைகளுக்கும் இன்று ஒரே நேரம். மண்முனைத்துறையில் 2014இல் பாலமும் அமைந்துவிட்டது. பாதைக்காகக் காத்திருந்து நேரம் கேட்பார் அங்கு இப்போது இல்லை. ஆனால் அவ்விரு கரைகளின் பெயர்களில் எம் முன்னோர் வைத்துப்போன ஒழுங்கு மாறவில்லை. எழுவானைத் திருத்த விரும்புவோர் படுவானிலிருந்தே தொடங்க வேண்டும். இன்றிரவு கடிகாரத்தைத் தொடாதீர்கள். ஏழு மணிக்கு வீட்டின் விளக்கைத் தணித்து, தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து, வைகறையில் எழும் முறை யாருடையது என்று உங்கள் துணைவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.